எட்டுத்தடவை

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பது அவர் வேலை. ஆனால் வானிலை ஆர்வலர் சங்கத்தில் 'எட்டுத்தடவை' என்றால்தான் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பெரும்புயல் ஊரைப் புரட்டிப் போட்ட பகலில், எட்டுத் தடவை மொட்டைமாடிக்கு ஏறி, மழைமானியைக் கொட்டிக் கொட்டி அளந்து, 412 மில்லிமீட்டர் என்று சொன்னவராம். மனிதருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த ஓர் எண்தான்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகக்காரம்மா வந்தார். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத்தில் அந்தப் புயலுக்கு நாலே வரிதான் இருக்கிறதாம். ஆர்வலர்கள்தான் எழுத வேண்டுமாம். எட்டுத்தடவைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எழுதுறத எவனோ வந்து அழிப்பான். நான் வேடிக்கை பாக்கணுமா?"

"அச்சுல வந்த ஆதாரம் இருந்தா யாரும் அழிக்க முடியாது சார். உங்க நோட்டுல எட்டு அளவும் இருக்குமே, படமா கட்டுரையில போடலாம். குடுங்களேன்."

"நேத்து வந்தவங்க என்கிட்ட கணக்குக் கேக்கறீங்களா?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார்.

சங்கத்தில் நடந்ததைக் கேட்ட மனைவி வீட்டில் விடவில்லை. "எட்டு அளவ எங்கேர்ந்து குடுப்பீங்க? அன்னிக்குக் கட்டில விட்டே இறங்கல. அடிச்சுக்கிட்ட கதவைச் சாத்தினதுகூட நான்தான்." பன்னிரண்டு வருடமாக அவள் வெளியே மூச்சு விடாத சங்கதி. வீட்டுக்குள் குத்திக் காட்டாத நாளும் கிடையாது.

நோட்டைப் பிரித்தார். 'மறுநாள் காலை ஏறிப் பார்த்தால் மானி நிரம்பி வழிந்திருந்தது. இருநூறுக்கு மேல். எவ்வளவென்று தெரியாது.' அவர் கையெழுத்துதான். மறுவாரம் சங்கத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டபோது நாக்குதான் 412 என்றது. பார்க்காத மீட்டருக்கு இருபத்தாறு வருடத்தில் ஒரு வீட்டிலும் அவர் ரீடிங் எழுதியதில்லை. அதை நினைத்தபோது அவமானமாக இருந்தது.

சாயங்காலம் புனைபெயரில் கட்டுரையைத் திறந்தார். சங்கத்து ஆட்கள் அதற்குள் 412ஐ ஏற்றியிருந்தார்கள். அதை அழித்துவிட்டு, 'இருநூறுக்கு மேல், மானி வழிந்தது, புயலன்று அளந்தவர் மாடி ஏறவில்லை' என்று எழுதினார்.

காலையில் அவர் வரியைக் காணோம். 412 மறுபடி வந்து குந்தியிருந்தது. கூடவே நூலகக்காரம்மாவின் குறிப்பு: 'ஆதாரமற்ற மாற்றம் நீக்கப்பட்டது. 412 சங்கத்தின் ஆண்டு மலரில் ஒன்பதாம் பக்கம் அச்சாகியுள்ளது. மூத்த ஆர்வலரின் உழைப்பைக் கொச்சைப்படுத்த வேண்டாம்.'

நூலகக்காரம்மாவிடம் போனில் கத்தினார். "அந்த மூத்த ஆர்வலரே நான்தாம்மா! நான்தான் பொய் சொன்னேன்!"

எதிர்முனையில் அவர் மலரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "உங்க பொய் அச்சுல இருக்கு சார். நிஜம் உங்க கைநோட்டுலதான் இருக்கு, அது ஆதாரமாகாது. ஞாயித்துக்கிழமை சங்கத்துல எழுந்து நின்னு சொல்லுங்க. அடுத்த மலர்ல திருத்தம் போட்டா நானே மாத்தறேன்."

போனை வைத்துவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்தார். மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"இந்தத் தடவை நான் கதவைச் சாத்த மாட்டேன். எழுந்திருங்க. ஞாயித்துக்கிழமை முன்வரிசையில நான்தான் உக்காருவேன்."