கூடையும் குறிப்பேடும்

ஒரு வருட ஹோட்டல் டிப்ளோமாவின் கடைசிப் பகுதி பயிற்சி. எனக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் கிடைத்தது. நான் படித்தது வரவேற்பு மேசை வேலை. தினமும் செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை மேலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மேசை வேலை அதில் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை.

மேலாளர் கொழும்புத் தமிழர். "எஸ்டேட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே சிவப்புச் சேலையும் பிரம்புக் கூடையும் வந்தன. ஹோட்டலின் தேயிலைத் தோட்டத்து ஓரமாக நின்று, வெள்ளைக்காரர்களுக்குக் கொழுந்து எடுத்துக் காட்ட வேண்டுமாம்.

"எனக்குத் தெரியாதுங்க சேர்" என்றேன்.

"உங்கட ரத்தத்திலயே இருக்குமே" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா டிக்கோயா எஸ்டேட்டில் இன்றும் கொழுந்து எடுக்கிறார். என்னை விடுமுறையில்கூட மலைக்கு ஏறவிட்டதில்லை.

கூடப் படித்தவர்கள் போனில், "வாய மூடிக்கிட்டு கையெழுத்த வாங்கு" என்றார்கள். பயிற்சி என்றால் அவர்களுக்கு அவ்வளவுதான். நானும் இரண்டு வாரம் நின்றேன். குறிப்பேட்டை வெறுமையாகவே விட்டிருந்தேன்; வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீட்டுக்குப் போனபோது, ஹோட்டலின் இணையப் பக்கத்தில் வந்திருந்த என் படத்தைப் பார்த்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னடி, முத்த எலையப் புடிச்சிக்கிட்டு நிக்கிற? இடுப்புல கட்டுற படங்குச் சாக்குகூட இல்ல. கொழுந்து எடுக்கணும்னா என்னையக் கூப்பிடச் சொல்லு. நீ போயி மேசையில நில்லு."

அன்றே எழுத உட்கார்ந்தேன். நின்ற ஒவ்வொரு நாளுக்கும் ஒரே வரி: கூடை மாட்டி நின்றேன், படம் எடுத்தார்கள். கற்றது என்ற இடத்தில், ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத உங்கட லெக்சரர் பார்ப்பாரே!"

"பாக்கத்தாங்க சேர் எழுதினேன்."

"கிழிச்சிப்போட்டு வேற எழுதுங்க."

"வேற வேலை குடுத்தா வேற எழுதுறேன்."

குரல் நடுங்கவில்லை. அதில் இன்றும் எனக்குப் பெருமை உண்டு. அவர் கையெழுத்துப் போடாமலே குறிப்பேட்டைத் தள்ளிவிட்டார். சான்றிதழ் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை சேலை வரவில்லை. கறுப்புக் கோட்டு ஒன்று வந்தது. தோள் கொஞ்சம் பெரிது.

வரவேற்பு மேசைக்கு முதலில் வந்த வெள்ளைக்கார அம்மா தன் போனை நீட்டினார். கூடையோடு என் படம். இந்தப் பெண் எங்கே என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். "உங்கள் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்."