பாக்கெட்டுக்குள் ஒரு கட்டைவிரல்

உடுமலைப்பேட்டை பஸ்ஸில் நல்ல கூட்டம். யாரும் அடித்துவிடக் கூடாதென்று செல்போனைப் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இறுக்கிப் பிடித்திருந்தேன். கட்டைவிரல் ரேகை பட்டுப் பூட்டு திறந்ததும், கடைசியாகப் பேசிய எண்ணுக்கே அழைப்பு போனதும் எனக்குத் தெரியாது.

பக்கத்தில் நின்ற நண்பர், மூன்று வருடமாகப் படுக்கையில் கிடக்கும் என் அப்பாவை விசாரித்தார்.

"செஞ்சு செஞ்சு சலிச்சுப்போச்சுங்க. போய்ச் சேர்ந்தாருன்னா தேவலைங்க" என்றேன்.

இறங்கிப் போனை எடுத்தால், அப்பா இணைப்பில் இருந்தார். தயங்கிக் காதில் வைத்தேன்.

"எனக்கும் அப்படித்தான் இருக்குது கண்ணு" என்றார்.

அன்றே கைரேகையை அழித்துவிட்டு எண் பூட்டு வைத்தேன். இப்போதும் வேலையிடத்திலிருந்து தினமும் அழைக்கிறேன். எடுத்ததும் அப்பா கேட்பது ஒன்றுதான்:

"தெரிஞ்சுதான் கூப்பிட்டயா கண்ணு?"

"ஆமாங்கப்பா" என்கிறேன்.