மூலைக்கு மூலை கோமியம்

என் வீட்டுக்காரர் அழகுபாண்டியை நல்லவர் என்று ஊரே சொல்லும். சிம்மக்கல்லில் அவர் கடை இருக்கும் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அண்ணே மாதிரி ஒரு மனுசன் உண்டா என்பார்கள். நானும் மறுக்கவில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, என் மேல் கை நீட்டியது கிடையாது. ஆனால் அந்த நல்ல மனுசனோடு குடும்பம் நடத்துவது நான்தானே, அவர்கள் இல்லையே. போன மாசிமாதம் இந்த ஆள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொன்னால் பாதி அழகுபாண்டியைத்தான் சொன்னதாகும்.

அவர் தொழில் சாக்கு வியாபாரம். மளிகை மண்டிகளில் காலியாகும் பழைய சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசலைத் தைத்து, வெங்காயக் கடைக்காரர்களுக்கும் நெல் பிடிக்கிறவர்களுக்கும் விற்பார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அடுத்தவர் கடையில் சாக்கு அடுக்கப் போனவர், பிறகு அதே சந்தில் தனிக்கடை போட்டார். ஒரு சாக்கைக் கையில் எடுத்ததும் அது துவரம்பருப்பு சுமந்ததா, சீனி சுமந்ததா என்று சொல்லிவிடுவார். மாட்டுக் கொட்டங்களில் இருந்து வரும் சாக்குகளை மட்டும் கடைக்குள் ஏற்ற மாட்டார். அவை வாசலில் தகரத்துக்கு அடியில் தனியாகக் கிடக்கும். வாடை அடிக்கும் என்பதால் அப்படிப் போடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

சாக்குக் கடை என்றால் எலி வரும், எலி வந்தால் பூனை வேண்டும். மூக்கி அப்படித்தான் வந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் கரி பூசியது போலக் கறுப்பு. மழையில் நனைந்து ஒரு மூட்டைக்குள் ஒடுங்கிக் கிடந்த குட்டியைப் பனியனுக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். அப்போது கடைக்கு மேல்தான் எங்கள் வாடகை வீடு. பகலெல்லாம் கடையில் இருக்கும், பொழுது சாய்ந்தால் மாடிக்கு வந்துவிடும். சந்தின் கடைசியில் ஒரு மண் குவியல் கிடந்தது. தன் காரியத்தையெல்லாம் அங்கே போய் முடித்துவிட்டு வரும். அத்தனை வருடத்தில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுசன், அதை மடியில் போட்டுக்கொண்டு அன்றைக்கு வந்த லோடு, ஏமாற்றிய தரகன் என்று எல்லாக் கதையும் பேசுவார். எனக்குச் சில நாள் பொறாமையாகக்கூட இருக்கும்.

அடுத்து என் மதினி சின்னத்தாயைச் சொல்ல வேண்டும். அவருடைய அக்கா. திருவாதவூரில் வயலும் இரண்டு மாடுமாக இருக்கிறாள். சின்ன வயதில் தாயைப் பறிகொடுத்த தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அதை இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். அதற்காக, தலை நரைத்த பிறகும் தம்பிக்காரன் அக்கா சொல்லுக்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்ட வேண்டுமா? என் கல்யாணப் புடவையின் நிறம் அவள் சொன்னது. எங்கள் மகளுக்கு அஸ்வினி என்று பெயர் வைத்தது அவள். விளாங்குடியில் சொந்த வீடு கட்டும்போது அடுப்பு மேடை எந்தப் பக்கம் வரவேண்டும் என்றதும் அவள்தான். வெளிச்சம் வராத மூலையில் நின்று சமைப்பது நான். இதையெல்லாம் கேட்டால், அக்காவிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்பார். வாயில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது என்று கேட்பேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சினோம். மதினி தன் மாட்டின் கோமியத்தை ஒரு வெள்ளைக் கேனில் கொண்டுவந்திருந்தாள். எல்லா வீட்டிலும் தெளிப்பதுதான், நான் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் மாவிலையில் தொட்டு நாலு துளி தெளிப்பார்கள். மதினிக்கு அது போதவில்லை. தம்பி கட்டிய வீட்டில் எத்தனை பேர் கண் பட்டிருக்குமோ என்று சொம்பை எடுத்தாள். கூடம், படுக்கையறை, சாமி அலமாரிக்குக் கீழே என்று ஒரு மூலை விடாமல் ஊற்றினாள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறை மட்டும் தப்பித்தது. பெயிண்டர் தன் டப்பாக்களை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருந்தார்.

மறுவாரம் கட்டில் பீரோவோடு மூக்கியும் ஒரு கூடையில் கத்திக்கொண்டே வந்து சேர்ந்தது. வீட்டைச் சுற்றிலும் சிமெண்டு போட்டாகிவிட்டது, மண்ணைத் தோண்ட அதற்கு இடமில்லை. அதனால் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் மணலை நிரப்பிப் பின்பக்கம் வைத்தேன். கெட்டிக்காரப் பூனை, மலத்தை அந்தத் தொட்டியில்தான் போட்டு மூடியது. மூத்திரம் மட்டும் வீட்டுக்குள் மூலைக்கு மூலை.

அந்த நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கூடத்து மூலை, டிவிக்குப் பின்னால், பீரோ பக்கத்தில் என்று எங்கே பார்த்தாலும் ஈரம். புதுச் சுண்ணாம்பில் மஞ்சளாகக் கறை ஏறியது. அஸ்வினியின் யூனிஃபார்ம் கொடியிலிருந்து மூலையில் விழுந்து கிடந்திருக்கிறது, அதன்மேலும் போய்விட்டது. பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் பிள்ளை அழுகிறாள். முட்டி போட்டுப் பினாயில், சோப்புத்தூள், எலுமிச்சம்பழம் என்று தேய்த்துத் தேய்த்து என் கை வெந்துபோனது. சனியனே, சிம்மக்கல்லில் மகாராணி மாதிரி இருந்தாய், இங்கே வந்ததும் உனக்கு என்ன கேடு என்று அதைத் திட்டாத நாளில்லை. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சட்டையை மாட்டிக் கடைக்குப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை ஆனால் மதினி இரண்டு பஸ் மாறி வந்துவிடுவாள். செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளிப்பாள். புது வீடு தீட்டாகிக் கிடக்கிறதே என்று பையிலிருந்து கேனை எடுப்பாள். பூனை போன மூலைகளுக்குக் கூடுதலாக ஒரு சொம்பு. மறுநாள் காலையில் அதே மூலைகளில் மூக்கியின் ஈரம் இருக்கும். நான் கழுவிக் கழுவி வியாழக்கிழமை வாக்கில் சற்றே அடங்கும். உடனே வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

மாசிமாதக் கடைசி வெள்ளியன்று மதினி ஊற்றிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னாலேயே மூக்கி சாமி அலமாரிக்குக் கீழே போய் உட்கார்ந்து பெய்தது. மதினி டம்ளரை வைத்துவிட்டு அழுதுவிட்டாள். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதாள். குலசாமி படத்துக்கு நேர் கீழே இப்படி ஆனால் குடும்பத்துக்கு என்ன வருமோ என்ற பயம் அவளுக்கு. இடம் பழகினால் சரியாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள் மதினி என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அழகு, இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் வரணும். நீயே சொல்லு” என்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் மூக்கி வாலைச் சுருட்டி உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, அஸ்வினியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். போய்விட்டு வந்தால் வாசலில் மொபெட் இல்லை. மூக்கியும் இல்லை. மத்தியானம் அவர் வந்தார். செருப்பெல்லாம் சேறு. மொபெட்டின் முன்பக்கம் ஒரு காலிச் சாக்கு மடித்துக் கிடந்தது. திண்டுக்கல் ரோட்டில் வாடிப்பட்டி தாண்டி ஒரு தென்னந்தோப்பில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். பனியனுக்குள் வைத்துக் கொண்டுவந்த ஜீவனைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோக உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோபம் வந்தால் எனக்கு வீட்டைக் கழுவியாக வேண்டும். பீரோவை நகர்த்தினேன், டிவி மேசையை இழுத்தேன், ஒவ்வொரு மூலையாகத் தேய்த்துக்கொண்டே போய்ச் சாமான் அறையைத் திறந்தேன். பெயிண்டர் சாவியைக் கொடுத்ததிலிருந்து மூக்கி தினமும் அங்கேதான் அரிசி மூட்டை மேல் படுத்துத் தூங்கும். அங்கே கறை இல்லை, நாற்றம் இல்லை. வீடு முழுக்க நாறடித்த பூனை, தான் தூங்குகிற அறையை மட்டும் ஏன் விட்டது என்று யோசித்தேன். முதல் நாள் பூட்டிக் கிடந்ததால் மதினி பிறகும் கோமியம் ஊற்றாத ஒரே இடம் அதுதான். துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

திரும்பப் போய்க் கூடத்து மூலையில் குனிந்து மோந்து பார்த்தேன். பினாயிலுக்கு அடியில் மாட்டு வாடைதான் அடித்தது. சனிக்கிழமை காலைகளில் மூக்கி செய்வது நினைவுக்கு வந்தது. மூலைக்குப் போய் வெகுநேரம் மோந்து பார்க்கும். மேலுதட்டைத் தூக்கி வாயைப் பாதி திறந்து நிற்கும். பிறகு திரும்பி உட்கார்ந்து பெய்யும். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கொண்டுவந்து விட்டோம். அங்கே ஒவ்வொரு மூலையிலும் வேறொரு பிராணி பெய்து வைத்திருக்கிறது. இது என் இடம் என்று சொல்ல அந்த வாயில்லாத ஜீவனுக்கு வேறு என்ன வழி தெரியும்? அதன் வாடையை நாங்கள் கழுவுகிறோம், மாட்டு வாடையை மதினி வாராவாரம் புதுப்பிக்கிறாள். கடைசியில் கெட்ட பெயர் பூனைக்கு.

பின்பக்கம் ஓடிப்போய் அவரிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“மாட்டுக் கொட்டத்துச் சாக்கக் கடைக்குள்ள ஏத்துனா மூக்கி அது மேலயே போய் பெஞ்சு வச்சிரும். அதுக்குத்தான் வெளிய போடுறது. பால் காய்ச்சுன அன்னைக்கே எனக்கு மனசுல பட்டுச்சு.”

“அப்ப ஏங்க உங்க அக்காட்ட சொல்லல?”

“அது அவ வளத்த ரோகிணி மாட்டோடது. அம்புட்டுத் தூரம் பஸ்ல ஆசையா தூக்கிட்டு வாரா. அத எப்படி வேணாம்னு சொல்றது?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த துடைப்பத்தை அவர் மேல் வீசாமல் இருந்தது பெரிய விஷயம். தெரியாமல் செய்திருந்தால் ஒருநாள் இல்லை ஒருநாள் மன்னித்துவிடலாம். நான் முட்டி தேயக் கழுவுவதைப் பார்த்திருக்கிறார், பிள்ளை அழுவதைப் பார்த்திருக்கிறார், காரணமும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, தன் மடியில் தூங்கிய பூனையைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போயிருக்கிறார். இவரைத்தான் ஊர் நல்லவர் என்கிறது. நீங்களெல்லாம் ஒரு மனுசனா என்று கேட்டேன். அழுதார். அழுது என்ன செய்ய, வண்டியை எடுங்கள் என்றேன்.

பொரித்த நெத்திலியை ஒரு பையில் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பினோம். வரப்பு வரப்பாக நடந்து மூக்கி, மூக்கி என்று கூப்பிட்டார். பக்கத்துக் கடைக்கே கேட்காத அவர் குரல் அன்றைக்குத் தோப்பு முழுக்கக் கேட்டது. பம்புசெட் பக்கத்திலிருந்து இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையும் போனோம். அதற்குப் பிறகு கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அவர் மட்டும் தினமும் போய்வந்தார். மூக்கி கிடைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். மதினி வந்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பீடை போனதும் வீடு எப்படி மணக்கிறது பார்த்தாயா என்று சொல்லிக்கொண்டே சொம்பைக் கேட்டாள். நான் எடுத்துத் தரவில்லை. அவர் எழுந்துபோய் அவள் கையிலிருந்த கேனை வாங்கினார்.

“அக்கா, இது வேணாம். இந்த வாடைக்குத்தான் மூக்கி அப்படிப் பண்ணுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அதக் கொண்டுபோய் விட்டுட்டேன்.”

இதோ வீடு இரண்டாகப் போகிறது, மதினி தலையில் அடித்துக்கொண்டு திருவாதவூருக்கு பஸ் ஏறப் போகிறாள் என்று நினைத்தேன். வளர்த்த பாசத்தையெல்லாம் இழுத்துப் பேசப் போகிறாள், நானும் பதிலுக்குப் பதில் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் தம்பியை வெறுமனே பார்த்தாள்.

“ஏண்டா, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் ஊத்தப் போறேன்? சாமிக்கு நாலு சொட்டு போதாதா?” என்றாள்.

அவ்வளவுதான். பிறகு கேனை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, பாவம்டா அது, வாயில்லா ஜீவன் என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடமாக இந்த மனுசன் பயந்து செத்த மலை இம்புட்டுத்தான். அவள் மேல் கோபப்படக்கூட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. மொத்தமும் அவர் மேல் வந்து நின்றது. அக்காவை மறுத்து இவர் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று கல்யாணமான நாளிலிருந்து காத்துக்கிடந்தேன். பேசினார், பூனையைத் தொலைத்துவிட்டுப் பேசினார்.

இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். மதினியிடம் ரசம் வேண்டுமா என்று கேட்டேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துப் பின்பக்கம் போனவர், மணல் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுப்படி வாசலுக்கு வந்து, அந்தத் தொட்டியை எடுத்துவிடட்டுமா, இருக்கட்டுமா என்று மெதுவாக என்னைக் கேட்டார்.

“அதையும் உங்க அக்காட்டயே கேளுங்க” என்றேன்.