கிளட்ச் இல்லாத வண்டி

சித்தியின் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். அவ்வளவு அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுவாள். மூடாத தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே அவள் வண்டியில் போகலாம் என்று பணிமனையில் பேச்சு. அந்தத் தடத்தில் தினமும் வருகிறவர்களுக்கு அவள் டிரைவரம்மா. கூட வரும் கண்டக்டருக்குச் சில்லறை என்று பட்டப்பெயர். அவனிடம் ஒருநாளும் சில்லறை இருந்ததில்லை.

ஊரையே தூங்க வைத்தவளுக்கு ஐம்பதை எட்டியபோது தூக்கம் போயிற்று. மாதவிடாய் நின்ற பிறகு தொடங்கியது அது. நெஞ்சிலிருந்து அனல் கிளம்பிக் கழுத்து, காது, முகம் என்று ஏறும். வேர்த்துக் கொட்டி உடுப்பு நனைந்து, அது காய்வதற்குள் குளிர் எடுக்கும். சித்தி ஃபேனை ஏற்றுவாள், சித்தப்பா எழுந்து இறக்குவார். கடைசியில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுக்க ஆரம்பித்தார். "எங்க வீட்டுல வெயில் காலமும் குளிர் காலமும் ஒரே கட்டில்ல படுத்திருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் சிரிக்கலாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க முடியாது. ஒரு நாள் காலை சிவப்பு விளக்கில் நிறுத்தியவள் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. சில்லறை ஓடிவந்து தோளைத் தொட்ட பிறகுதான் விழித்தாள். கண்ணைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறாள்.

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. அவர் திட்டவில்லை. "உடம்பு ஒத்துழைக்கலேன்னா சொல்லிடுங்கம்மா. டிக்கெட் கவுன்டர்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நீண்ட தடத்தை ஓட்டிய முதல் பெண் என் சித்தி. கவுன்டர் நாற்காலி என்றதும் "நான் ஓட்டிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எப்படியாவது தூங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் சீட் போய்விடும். அவள் டாக்டரிடம் போனது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

டாக்டர் ஒரு பெண். அவசரப்படாமல் கேட்கிறவர். ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பகப் பரிசோதனைக்கு அனுப்பினார், கருப்பை இருக்கிறதா, எடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். "இந்த அனலுக்கு ஹார்மோன் மாத்திரை இருக்கு. ஆனா கருப்பை இருக்கிறவங்களுக்கு ஒரு ஹார்மோனை மட்டும் குடுக்கக்கூடாது. அதோட இன்னொண்ணும் சேர்த்துக் குடுக்கணும். அதனால வேற யாரோட மாத்திரையையும் வாங்கிப் போட்டுக்காதீங்க" என்றார். அப்புறம் கேட்டார்:

"உங்களுக்கோ, கூடப்பிறந்தவங்களுக்கோ, கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சிருக்கா?"

"இல்லை" என்றாள் சித்தி.

அது பொய். அவளுடைய அக்காவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, என் தம்பி பிறந்த கையோடு கால் வீங்கி ரத்தம் உறைந்து, பிழைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டது இதே சித்திதான். மறந்து போய்ச் சொன்ன பதில் இல்லை அது. இருக்கிறது என்று சொன்னால் மாத்திரை கிடைக்காதோ என்ற பயத்தில் சொன்ன பதில்.

டாக்டர் எழுதிக் கொடுக்கும்போதே எச்சரித்தார். "ஒரு கால் மட்டும் வீங்கினா, கெண்டைக்கால் வலிச்சா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். திடீர்னு ரத்தப்போக்கு வந்தாலும் என்கிட்ட சொல்லணும்." சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மாத்திரை கேட்டது. அனல் அடங்கி, தூக்கம் வீடு திரும்பியது. சித்தப்பா ஸ்வெட்டரைக் கழற்றினார். அதே சமயத்தில் பணிமனைக்குப் புது வண்டிகள் வந்து, சித்திக்கும் ஒன்று கிடைத்தது. கியரே போட வேண்டாம், தானாகவே மாற்றிக்கொள்ளும். பழைய டிரைவர்கள் அதைப் பொம்மை வண்டி என்று கேலி செய்தார்கள். "பொறாமை" என்று சித்தி கண்ணாடியைத் துடைத்தாள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலை, வண்டி எடுக்கும்போதே இடது கெண்டைக்காலில் சுரீர் என்றது. தசை பிடித்துக்கொண்டது போல இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வலி ஆழமாக இறங்கி, விட்டு விட்டு இழுத்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சில்லறை அவள் முகம் சுளிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, கிளட்ச் காலா?"

"ஆமாடா. அதேதான்."

பணிமனையில் யாருக்கு இடது கெண்டைக்கால் வலித்தாலும் அதற்குப் பெயர் கிளட்ச் கால். கியர் மாற்ற ஒரு நாளில் எத்தனை முறை கிளட்ச்சை மிதிக்கிறோம், வலிக்காமல் என்ன செய்யும் என்பார்கள். அதற்காக யாரும் லீவு போட்டதில்லை. கிளட்ச் கால் என்று லீவு கேட்டால் சிரிப்பார்கள்.

பாதி வழியில் உணவகத்தின் முன் வண்டி நின்றது. சில்லறை தைலம் கொண்டுவந்தான். "அழுத்தி உருவி விடுங்கக்கா, சரியாப் போயிடும்." சித்தி பேன்டை முழங்கால் வரை ஏற்றினாள். இடது காலைப் பார்த்தாள், பிறகு வலது காலைப் பார்த்தாள். இடது கால் தடித்து, தோல் பளபளவென்று சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. ஷூவின் கயிறு பாதத்தில் பதிந்திருந்தது. கயிற்றைத் தளர்த்திவிட்டு, தைலத்தை மேலோட்டமாகத் தடவிவிட்டு, மறுபடி சீட்டில் ஏறினாள். இரண்டே படி. அதற்கே மூச்சு வாங்கியது.

"வயசாகுதுக்கா" என்றான் சில்லறை.

"உனக்கு மட்டும் இறங்குதாக்கும்" என்றாள் அவள். ஆனால் குரல் எழும்பவில்லை.

நெடுஞ்சாலையில் வண்டி வேகமெடுத்தது. முன்னால் ஒரு லாரி திடீரென்று பிரேக் போட, சித்தியின் வலது கால் பிரேக்கை அழுத்தியது. பழைய பழக்கத்தில் இடது காலும் கிளட்ச்சைத் தேடிப் பாய்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை. பாதம் வெறும் தரையில் மோதி, வலி தொடை வரை ஏறியது.

கிளட்ச் இல்லை. இந்த வண்டி வந்த நாளிலிருந்தே இல்லை. இடது கால் மாதக்கணக்கில் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கிடக்கிறது. அப்படியானால் எதற்கு வலிக்கிறது?

கேட்ட அந்த நொடியே பதிலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் அம்மாவின் கால் இதே பளபளப்புடன், இதே சிவப்பில் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்தவள்.

கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் போல இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்விடலாம். சீட் தப்பிக்கும். ஆனால் மூச்சு முழுதாக உள்ளே போகவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். வண்டி நிறைய ஜனங்கள், வழக்கம்போலத் தலை சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் விழித்துக்கொண்டு ஜன்னலை நக்கியது.

சித்தி இன்டிகேட்டரைப் போட்டு, பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள். அப்போதும் வண்டி குலுங்கவில்லை.

"என்னக்கா, பஞ்சரா?"

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. வேற டிரைவர் வேணும்னு நான் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்றேன்."

பின்னால் ஒவ்வொருவராக விழித்தார்கள். கன்ட்ரோல் ரூம்காரர் குரல் போனில் கரகரத்தது. "வண்டியில என்ன கோளாறு?"

"வண்டியில இல்லை. எனக்கு. கால்ல ரத்தம் உறைஞ்சிருக்குன்னு நினைக்கிறேன்."

"கால் வலியா? கிளட்ச் காலுக்கெல்லாம் வண்டியை நிறுத்தினா எப்படிம்மா? அப்படியே மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க."

"கால் வலிக்கு பஸ்ஸை நிறுத்துறாங்களாம்பா" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இந்த வண்டியில கிளட்ச் கிடையாது சார்" என்றாள் சித்தி. "நான் ஹார்மோன் மாத்திரை சாப்பிடறேன். மாதவிடாய் நின்னுபோனதுக்கு. அதுல இப்படி ஆகலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எனக்கு இப்ப மூச்சும் வாங்குது. இதுக்கு மேல ஓட்டினா ஸ்டியரிங்லயே விழுந்திடுவேன்."

எந்த வார்த்தையைச் சித்தப்பாவிடம்கூடக் குரல் தாழ்த்திச் சொல்வாளோ, அதை ஒரு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.  "அப்படியே உட்காருங்கம்மா. நடக்காதீங்க. ஆள் அனுப்பறேன்" என்றார் கன்ட்ரோல் ரூம்காரர்.

முன்வரிசையில் இருந்த நடுவயதுப் பெண் எழுந்து வந்து விசிற ஆரம்பித்தாள். "எனக்கும் இந்த அனல்தான்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஸ்கேனில் உறைவு தொடையைத் தொட்டிருந்தது. ஒரு துணுக்கு நுரையீரலுக்கும் போயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் என்ற வாக்கியத்தை ஆஸ்பத்திரியில் யாரும் முடிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தி, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். நல்லவேளையாகத் தைலத்தை அழுத்தித் தேய்க்கவில்லை, தேய்த்திருந்தால் உறைவு இன்னும் பிய்ந்து மேலே போயிருக்கும் என்று ஒரு நர்ஸ் சொன்னபோது சில்லறைக்கு முகம் வெளிறியது.

அந்தப் பெண் டாக்டர் பார்க்க வந்தபோது என் அம்மா கட்டிலருகே இருந்தாள். அதே கேள்வியை அவர் மறுபடி கேட்டார். சித்தி அம்மாவைக் கைகாட்டினாள். "இவளுக்கு வந்தது. நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

"ஏன்டி?" என்றாள் அம்மா.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "பல பேருக்கு இந்த மாத்திரை ஒரு தொந்தரவும் பண்றதில்லை. உங்க குடும்பத்துல இது இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் வேற வழி பார்த்திருப்பேன். ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்கு. இருக்குன்னு சொன்னா உங்களை வெறுங்கையோட அனுப்பிடுவேன்னு நினைச்சீங்களா?"

சித்தி ஆமாம் என்று தலையசைத்தாள்.

பல மாதங்கள் அவள் அந்தக் கவுன்டர் நாற்காலியிலேதான் உட்கார்ந்தாள். பயந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தாள். ஆனால் மேலாளர் அவள் சீட்டை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு அதே பொம்மை வண்டி திரும்பக் கிடைத்தது. அனல் முழுக்கப் போகவில்லை, வேறு மருந்தில் பாதியாகக் குறைந்திருக்கிறது. சில்லறை தன் காசில் ஒரு குட்டி ஃபேன் வாங்கி ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். நீண்ட நிறுத்தங்களில் சித்தி இறங்கி நடக்கிறாள்.

போன வாரம் பணிமனையின் பெண்கள் அறையில் இன்னொரு பெண் டிரைவர் அவளிடம் மெதுவாகக் கேட்டாளாம். "அக்கா, அந்த மாத்திரை பேரு என்ன? எனக்கும் தூக்கமே இல்லை."

சித்தி பேரைச் சொல்லவில்லை, டாக்டர் இருக்கும் இடத்தைச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "உங்க வீட்டுல யாருக்காவது ரத்தம் உறைஞ்சிருக்கா?"

"இல்லைக்கா."

"எனக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டாம்" என்றாள் சித்தி. "இன்னிக்கு வீட்டுக்குப் போய் உங்க அம்மாவைக் கேளு, அக்காவைக் கேளு. அப்புறம் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு. நானும் உன்னை மாதிரிதான் டக்குனு இல்லைன்னு சொன்னேன்."