பச்சோந்திக் கூட்டின் கதவு

என் மகள் நண்பர்களோடு மலேசியாவில் மலையேறப் போயிருந்தாள். அங்கே கனமழை, பாதையில் மண்சரிவு என்று செய்தி வந்த நேரத்தில் அவளுடைய கைப்பேசி அணைந்திருந்தது. மறுநாள் மதியம்வரை அணைந்தே இருந்தது. இப்போது வந்து சேர்ந்துவிட்டாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். குளித்துச் சாப்பிட்டு எழுந்தவள், வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்த தன் நீலக் காலணிகள் வாசலில் காய்வதைப் பார்த்துக் கத்தினாள்.

"ம்மா, என் ஷூவ என்ன செஞ்சீங்க? கலரே போச்சு லா!"

"அழுக்கா இருந்துச்சு. கழுவினேன்."

"எத்தன தடவ?"

எனக்குப் பச்சோந்திக் கூடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிராங்கூனில் அடுக்குமாடி வீடு. அம்மாவின் தம்பியான என் மாமா சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தார். வாக்குக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பேசும் கிளி என்பார், பவுடர் டப்பாவோடு வருவார். குரங்குக்குட்டி என்பார், பிஸ்கட் வரும். ஆனாலும் அந்த முறை மடகாஸ்கர் துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, இரைச்சலுக்கு நடுவே அவர் சொன்னதை நான் முழுக்க நம்பினேன். எனக்கென்று ஒரு பச்சோந்தியைப் பார்த்து வைத்திருக்கிறாராம். கண்ணாடித் தொட்டி கூடாது, காற்றோட்டமாக வலைக்கூடு வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரை அது குடிக்காது, இலையில் தெளித்தால்தான் குடிக்கும். உயிரோடு இருக்கும் பூச்சியைத்தான் தின்னும். இத்தனை விவரம் சொல்கிறவர் எப்படிப் பொய் சொல்ல முடியும்?

அப்பா சிரித்தார். "பல்லியப் பாத்தாலே நாற்காலி மேல ஏறுற வீடு இது. இங்க பச்சோந்தியா?" அம்மா அதற்கும் மேலே போய், அந்த ஜந்து உள்ளே வந்தால் தான் வெளியே போய்விடுவதாக அறிவித்தார். நான் அழுதேன், சாப்பிட மறுத்தேன், அப்பாவின் செருப்பை ஒளித்து வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு மாலை அப்பா வேலையிலிருந்து வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனார். ஏதோ மெதுவாகச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். மாமாவின் கப்பல் போய்க்கொண்டிருந்த கடலில் புயல் என்பதும், கப்பலிலிருந்து எந்தத் தகவலும் இல்லை என்று கப்பல் கம்பெனியின் முகவர் அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாள் அப்பா துறைமுகக் கிடங்கிலிருந்து பழைய பெட்டிப் பலகைகளையும் ஒரு சுருள் கம்பிவலையையும் கொண்டு வந்து கூடத்தில் போட்டார் என்பதுதான். என் பட்டினிப் போராட்டம் வென்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

"பச்சோந்திக்குக் கூடு வேணும்ல?" என்று அப்பா கேட்டார், என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து. "இந்தப் பக்கம் கொஞ்சம் புடி."

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து வலையைப் பிடித்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாமே பச்சோந்திக்காகத்தான் நடந்தது. பள்ளி விட்டு வந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் தேக்கா சந்தைப் பக்கம் போவார். முதலில் கோவில். வழக்கமாகச் சாமி கும்பிட்டதும் சந்தைக்கு விரைகிறவர், அந்த நாள்களில் கண்ணை மூடினால் திறக்கவே மாட்டார். "நல்லபடியா வந்து சேரணும்னு நீயும் வேண்டிக்கோ" என்பார். பச்சோந்திக்கு எதிராகக் கொடி பிடித்தவர் இப்படி மாறிவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன் நிறம் நல்ல பச்சையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

அடுத்து, பாடும் பறவைகளுக்குத் தீனி விற்கும் சீனர் கடை. அங்கே உயிருள்ள வெட்டுக்கிளியும் சுவர்க்கோழிப் பூச்சியும் கிடைக்கும். பச்சோந்தி வருவதற்கு முன்பே தீனி எதற்கு என்று எனக்கே தோன்றியது. கேட்டேன்.

"வந்ததும் பசிக்கும்ல?" என்றார் அம்மா.

பல்லிக்குப் பயந்தவர், உள்ளே கீச்சிடும் காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்து வந்தார். ஒரு நாள் பை கிழிந்து, சுவர்க்கோழிகள் கூடத்தில் சிதறி ஓடின. நான் ஒன்றிரண்டைத் துரத்திப் பிடித்தேன். மிச்சம் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் குடியேறி, விளக்கை அணைத்ததும் கத்த ஆரம்பித்தன.

"கத்தட்டும் விடு" என்றார் அம்மா. "வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

கூடு மட்டும் முடியவே இல்லை. சட்டம் நின்றுவிட்டது, வலை அடித்தாகிவிட்டது, உள்ளே ஒரு தொட்டிச்செடிகூட வைத்தாகிவிட்டது. அம்மா தினமும் அதன் இலைகளில் தண்ணீர் தெளித்தார், தட்டில் தேங்கியதைக் கொசு முட்டையிடுமே என்று உடனே துடைத்தார். கதவுதான் தொல்லை. அப்பா ஒவ்வொரு மாலையும் அதைப் பொருத்துவார், எட்ட நின்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார்.

"சரியில்ல. கழட்டிட்டு நாளைக்குப் பாப்போம்."

"நேத்துத்தானே சரி பண்ணீங்க?"

"இங்க பாரு, பூச்சி வெளிய வர்ற அளவுக்கு இடைவெளி."

அம்மா குனிந்து பார்ப்பார். எனக்கு எந்த இடைவெளியும் தெரியவில்லை. ஆனாலும் அம்மா, "ஆமா, இருக்கு" என்பார். கதவு மறுபடி கழற்றப்படும். ஆணியை எடுத்துக் கொடுப்பதும், பலகையைத் தேய்ப்பதும், வார்னிஷ் பூசுவதும் அம்மாவின் வேலை. பச்சோந்தி நாளைக்கே வந்துவிட்டால் கதவில்லாத கூட்டில் எப்படி விடுவது என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை, கதவு பாதி கழன்ற நிலையில் தொலைபேசி அடித்தது. இருவருமே நகரவில்லை. அப்புறம் அம்மாதான் எடுத்தார். சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். அப்பா பாய்ந்து போய் அதை வாங்கிக் காதில் வைத்தார். வைத்தவர் சிரித்தார். "டேய்... டேய்..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கப்பல் பழுதாகி, ஏதோ ஒரு தீவில் ஒதுங்கியிருந்ததாம்.

"பச்சோந்தி வருதாப்பா?" என்று கேட்டேன்.

"எல்லாம் வருது, எல்லாம் வருது" என்றார்.

திரும்பி வந்து, கழற்றிய கதவை எடுத்து வைத்தார். நான்கு ஆணி. ஒரே தடவையில் கச்சிதமாகப் பொருந்தியது. அதன் பிறகு அதைக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

மாமா ஒரு சின்னப் பையோடு விமானத்தில் வந்து இறங்கினார். கன்னம் ஒட்டி, கறுத்துப் போயிருந்தார். கதவைத் திறந்த அம்மா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் அவர்களுக்கு நடுவே புகுந்து பையைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். இரண்டு சட்டை, ஒரு துண்டு.

"பச்சோந்தி எங்க மாமா?"

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். என் நஷ்டத்தைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமா கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யம்மாடி, இதுல நானே குடியிருக்கலாம் போலருக்கு லா! ஏன் அத்தான், பச்சோந்தியெல்லாம் இந்த ஊருக்குள்ள விடமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? ஹார்பர்லதானே வேலை பாக்குறீங்க?"

"தெரியும்" என்றார் அப்பா. "சோறு ஆறுது, வா."

அதற்குப் பிறகு நான் அப்பாவோடு பல நாள் பேசவில்லை. வராது என்று தெரிந்தும் ஏன் கூடு செய்தார்? செய்ததுதான் செய்தார், ஒரு கதவை ஒழுங்காகப் போடத் தெரிய வேண்டாமா? தோழிகள் யாராவது தங்கள் அப்பா செய்து கொடுத்த பொம்மை வீட்டைப் பற்றிப் பெருமையடித்தால், "எங்கப்பாவுக்கு ஆணி அடிக்கவே வராது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன்.