கூரையில்லாத கார்

ராசா என்கிற கிராமத்துச் சாலையோரம் இருக்கிறது சன்னாசியின் பட்டறை. நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துவதில் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யாரும் கேட்காவிட்டாலும் அதை அவரே சொல்லிக்கொள்வார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, லோரிக்கு அடியில் படுத்தே வளர்ந்த மனிதர். வாய் கொஞ்சம் நீளம்தான். வேலை சுத்தம் என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது.

குவாலா சிலாங்கூரிலிருந்து பல் டாக்டர் தர்மலிங்கம் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தது, கூரையே இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். மகன் நிமல் ஆசை ஆசையாக வாங்கியது. சரிசெய்வதற்குள் அவனுக்குப் புற்றுநோய் வந்து, பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான். கார் கொட்டகையில் கிடந்து துருவேறியது.

"அவன் ஒருநாள்கூட இதை ஓட்டேல்லை, சன்னாசி. அவனுக்காக ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கோணும்" என்றார் டாக்டர்.

"சொத்தப் பல்லு மாதிரிதான் சார். கெட்டத வெட்டிட்டுப் புதுத் தகரம் வச்சா முடிஞ்சிச்சு. நம்மகிட்ட விட்டுட்டீங்கள்ல, கவலைய விடுங்க லா!"

அந்த வாய்க்கு அன்றைக்கே ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் நீளத் தகரம் முழுக்கத் துரு. சன்னாசி வழக்கம்போல இரண்டையும் ஒரே மூச்சில் அறுத்தெடுத்தார். இத்தனை காலமும் அப்படித்தான் செய்தார், ஒரு காரும் அவரைக் கைவிட்டதில்லை. ஆனால் அவையெல்லாம் கூரை வைத்த கார்கள். அடித்தகரம் போனாலும் கூரை பிடித்துக்கொள்ளும். இந்தக் காருக்கு அந்த அடித்தகரம்தான் முதுகெலும்பு. உள்ளே கம்பி வைத்து முட்டுக் கொடுக்காமல் அதைத் தொடவே கூடாது. அது தெரியாமல் போயிற்றே, பாவி மனுஷனுக்கு! கடைசி வெட்டு விழுந்ததும் கார் முனகிக்கொண்டு நடுவில் தொய்ந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கினார். மிச்சமிருந்த பழைய தகரம் கிழிந்தது. கிழிந்ததை வெல்டிங் வைத்தார், பக்கத்தில் பொத்துக்கொண்டது. சாப்பிடக் கூப்பிட்ட மனைவி ரமணி மேல் எரிந்து விழுந்தார். அவள் என்ன செய்வாள்? கோபமெல்லாம் தன் மேல்தான். கடைசியில் தானே டாக்டருக்குப் போன் போட்டு வரச்சொன்னார்.

டாக்டர் வந்து காருக்குள் உட்கார்ந்து கதவை இழுத்தார். அது பாதியில் முட்டி நின்றது.

"என் தப்புதான் சார். முட்டுக் குடுக்காம அறுத்துட்டேன். இனி யார்கிட்ட கொண்டு போனாலும் நிமிராது. நல்லா திட்டுங்க சார்."

தர்மலிங்கம் திட்டவில்லை. திட்டியிருந்தால் சன்னாசிக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டியரிங்கை மெல்லத் தடவினார்.

"ஆசுப்பத்திரியிலையும் இதைத்தான் சொன்னவை, சன்னாசி. இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு. அப்பவும் நான் இப்பிடித்தான் சும்மா பக்கத்திலை இருந்தனான்."

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போறன்" என்றார் டாக்டர்.

சன்னாசி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போனார்.