பெண்கள் போகாத கல்லறை

வெக்ஸ்மியர் பிரபுவுக்கு மூன்றாவது மகளாகத் தியோடோசியா பிறந்த அன்று ஊர்த் தேவாலயத்தில் மணி அடிக்கவில்லை. பின்னர்த் தம்பி லயனல் பிறந்தபோது அடித்த அடியில் மணியொன்று விரிசல் கண்டதாகச் சொல்வார்கள். அந்த லயனல் கிரிமியப் போருக்குப் போனான், திரும்பவில்லை. மகனைப் பறிகொடுத்த துயரில் தாயும் போய்ச் சேர்ந்தார். அக்காமார் இருவரும் தொலைவில் வாழ்க்கைப்பட்டிருந்தனர். மாளிகையில் எஞ்சியவர்கள் தந்தையும் இந்த மகளும்தான்.

தந்தைக்குப் பார்வை மங்கத் தொடங்கிய ஆண்டில் ஹெரிபோர்டிலிருந்து ஒரு பாதிரியார் பெண் கேட்டு வந்தார். தியோடோசியா மறுத்துவிட்டார். காரணம் கேட்ட தந்தையிடம், "அவருக்குக் குதிரை ஏறத் தெரியலப்பா" என்றார். கிழவர் சிரித்தார், நம்பவில்லை. அதன்பின் அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டியதும், மீனில் முள் நீக்கிக் கொடுத்ததும், கைப்பிடித்துப் படியிறக்கித் தோட்டத்தில் நடத்தியதும் இவரே.

பிப்ரவரிப் பனியில் பிரபு இறந்தார். பட்டமும் மாளிகையும் ஆண்வழியே செல்பவை. சிற்றப்பா மகன் மார்டிமர் லண்டனிலிருந்து வந்து பொறுப்பேற்றார். தியோடோசியா மாளிகையைக் கேட்கவில்லை. தேவாலய வளாகத்திலுள்ள குடும்பக் கல்லறையான நிலவறைக்குள் தந்தையை இறக்குவதை நேரில் காண வேண்டும் என்பதை மட்டுமே கேட்டார்.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க அடக்கத்துக்குப் போனதா எப்பவாவது உண்டா, தியோ?"

"கண்ணு தெரியாதவரை இத்தனை வருஷமாப் படியிறக்கினது நான், மார்டிமர். இந்தப் படிக்கும் நான் கூட இருந்துட்டுப் போறேன்."

"பட்டத்துக்கு வந்ததும் வழக்கத்தை மீறிட்டான்னு ஊர் என்னைத்தான் பேசும். திரையெல்லாம் இழுத்துவிட்டு ஜெபம் பண்ணிட்டு இரு. அதுதான் மரியாதை."

குடியானவர் வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்கள் தத்தம் வீட்டுப் பிணங்களோடு குழிவரை நடந்தார்கள். பிரபுவின் பிணத்தோடும் நடக்கவிருந்தார்கள். அதை எண்ணிய தியோடோசியா, வீட்டு நிர்வாகியான திருமதி டாப்பரிடம் அவருடைய கறுப்பு மேலங்கியைக் கேட்டார்.

"என்னோடதா? அதுல வெங்காய வாடை அடிக்கும், அம்மணி."

"அடிக்கட்டும். அழுதா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க."

அங்கியின் முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, ஊர்வலத்தின் கடைசியில் பெண்களோடு பெண்ணாக அவர் நடந்தார். பக்கத்தில் வந்த பால்காரக் கிழவி பெக் டவ்லிங் வாயை மூடுபவள் அல்லள்.

"பாவம் அந்த மகராசி, வீட்டுக்குள்ள கிடக்குது. பெரிய எடத்துல அழுறதுக்குக்கூட உத்தரவு வாங்கணும்போல. ஆமா, நீ எந்தப் பண்ணைடி?"

தியோடோசியா முக்காட்டை இன்னும் முன்னுக்கு இழுத்துக்கொண்டார். நிலவறையின் கற்கதவு திறந்திருந்தது. தூக்குபவர்கள் சவப்பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெக் குனிந்து அங்கிக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், பிரபு வீட்டாரை வணங்கிச் சிறுவயது முதல் பழகிய முழங்கால்கள் தாமாக மடங்கின. அதைக் கண்டு அடுத்தவள் மடங்கினாள். அதைக் கண்டு அதற்கடுத்தவள். காற்றில் சாயும் கோதுமைக் கதிர்போலக் கூட்டம் தாழ்ந்து, வழிவிட்டு விலகியது. நடுவில் தியோடோசியா மட்டும் நின்றார்.

மார்டிமர் திரும்பிப் பார்த்தார். குரல் உயர்த்தவில்லை. அருகே வந்து, தொப்பியைக் கழற்றி, முறைப்படி தம் கையை நீட்டினார்.

"எல்லாரும் பாக்குறாங்க, தியோ. கையைக் குடு."

குடிமக்கள் முன்னிலையில் நீட்டிய கையை மறுக்கும்படித் தியோடோசியா வளர்க்கப்படவில்லை. பற்றினார். அந்தக் கை அவரை நிலவறைக்கு அல்ல, வண்டிக்கு அழைத்துச் சென்றது. வண்டி வாயிலைக் கடக்கும்வரை ஒரு பெண்ணும் தலை நிமிரவில்லை.

பின்னர் அவர் பாத் நகரில் வாடகை வீடொன்றில் நெடுங்காலம் வாழ்ந்தார். அக்காமாரின் பிள்ளைகள் சில சமயம் கேட்பார்கள்:

"தாத்தாவை உள்ள எந்தப் பக்கம் வச்சிருக்காங்க, சித்தி?"

"இடப்பக்கம்னு சொன்னாங்க" என்பார் அவர்.